நியூட்ரலில் இறங்கிய மெக்கானிக்கல் இன்ஜினியர்

முதல்ல ஒரு வாக்குமூலம். நான் படிச்சது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். பண்றது பொட்டி தட்டுற வேலை. இதுல வெட்கப்பட ஒண்ணும் இல்லை. என்கூட படிச்சவங்கள்ல முக்காவாசிப் பேர் இப்போ ஏதோ ஒரு ஏசி ரூம்ல உட்கார்ந்து ஆணி பிடுங்கிட்டுதான் இருக்காங்க. வெட்கப்பட வேண்டிய விஷயம் வேற. நாலு வருஷம் என்ஜினைப் பத்திப் படிச்சு, முதல் வகுப்புல தேறி, சொந்தமா ஒரு காரும் வாங்கின பிறகும், மலையில இருந்து காரை எப்படி இறக்கணும்னு எனக்குத் தெரியாம இருந்துச்சு. அதுவும் நான் நாமக்கல்காரன். லாரிக்கு பாடி கட்டுற ஊர். எங்க தெருவுல கண்ணை மூடிக்கிட்டு ஒரு கல்லை எறிஞ்சா அது ஒரு டிரைவர் மேலயோ கிளீனர் மேலயோதான் விழும். அந்த ஊர்ல பொறந்துட்டு!

இப்போ எதுக்கு இந்தப் புராணம்னு கேட்டீங்கன்னா, போன வாரம் ஆபீஸ்ல டீ குடிக்கிறப்ப ஒரு நண்பர் கேட்டார். புதுசா கார் புக் பண்ணியிருக்கார். "வண்டி ஓட்டத் தெரிஞ்சா போதாதாய்யா? உள்ள என்ன நடக்குதுன்னு நான் எதுக்குத் தெரிஞ்சுக்கணும்? அதுக்குத்தான் மெக்கானிக் இருக்கானே." நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், மேனேஜர் வந்துட்டார். தொண்டையில நின்னுபோன அந்த பதில்தான் இது. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கோங்க.

கொசுவத்தி சுத்திக்கலாமா? ஓகே.

2022 மே மாசம். செகண்ட் ஹேண்ட்ல ஒரு சின்ன பெட்ரோல் கார் வாங்கி மூணு மாசம் ஆகியிருந்துச்சு. ஏழு வருஷம் ஓடின வண்டி. வாங்கின கையோட சர்வீஸுக்கு விட்டேன். "எல்லாம் செக் பண்ணி டாப் அப் பண்ணியாச்சு சார்"னு சொல்லி பில்லைக் கொடுத்தாங்க. வண்டியைக் கழுவி பளபளன்னு வேற வச்சிருந்தாங்க. நமக்கு அது போதாதா? வெயில் மண்டையைப் பொளக்குதேன்னு ஒரு ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட ஏற்காடு கிளம்பினோம். நான், முன்சீட்ல மாமா (அம்மாவோட தம்பி), பின்னாடி அப்பா, அம்மா, தங்கச்சி. அஞ்சு பேர், ரெண்டு பெரிய பை, ஒரு புளிசாதத் தூக்கு.

ஏர்றப்ப ஒரு பிரச்சினையும் இல்லை. ரெண்டாவது கியர், சில வளைவுல முதல் கியர்னு வண்டி முக்கி முனகி ஏறிடுச்சு. ஏரி, படகு, மிளகாய் பஜ்ஜி எல்லாம் முடிச்சு சாயங்காலம் நாலு மணிக்கு இறங்க ஆரம்பிச்சோம்.

மாமா சொன்னார்: "மாப்ள, இறக்கம்தானே? நியூட்ரல்ல போட்டு விட்டுரு. வண்டி தானா போகும். பெட்ரோல் மிச்சம். நானெல்லாம் ஸ்கூட்டர் வச்சிருந்த காலத்துல கொல்லிமலையே அப்படித்தான் இறங்குவேன்."

இந்த மெக்கானிக்கல் இன்ஜினியருக்கு அது ரொம்ப நியாயமாப் பட்டுச்சு. கியரைத் தட்டி விட்டேன். என்ஜின் சத்தம் அடங்கி, வண்டி வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போச்சு. சேலம் பக்கம் இறங்குற பாதையில 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கு. நடுவுல வேகம் கூடுறப்பவும் பிரேக்கு. சொல்லப்போனா என் கால் பிரேக்கை விட்டு எடுக்கவே இல்லை.

ஏழெட்டு வளைவு தாண்டினதும் ஒரு கருகல் வாசனை. அம்மா கேட்டாங்க, "என்னடா வாசனை?" மாமா, "முன்னாடி போற லாரியோடது அக்கா." முன்னாடி லாரி எதுவும் இல்லைங்கறது எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். உறைக்கலை.

அடுத்த வளைவுல பெடல் வழக்கத்தைவிட கொஞ்சம் அதிகமா உள்ள போச்சு. அதுக்கடுத்த வளைவுக்கு முன்னாடி மிதிச்சப்ப, பஞ்சு மூட்டையை மிதிச்ச மாதிரி நேரா தரை வரைக்கும் போயிடுச்சு. வண்டி நிக்கலை. வேகம் 50-ஐத் தொட்டிருந்துச்சு. எதிர்ல வளைவு, அதுக்கு அந்தப் பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர், அதுக்கு அந்தப் பக்கம் மரங்களோட உச்சி மட்டும் தெரியுது.

அந்த நேரத்துல நான் ஒண்ணும் யோசிக்கலைங்க. சும்மா பீலா விட விரும்பலை. பைக் ஓட்டின பழக்கத்துல காலும் கையும் தானா கிளட்சை மிதிச்சு மூணாவது கியரைப் போட்டுச்சு. அப்புறம் ரெண்டாவது. என்ஜின் காட்டுக் கத்தல் கத்திச்சு. வண்டி யாரோ பின்னாடி கயிறு கட்டி இழுத்த மாதிரி தயங்குச்சு. மாமா "ஹேண்ட்பிரேக்! ஹேண்ட்பிரேக்!"னு அலற, அதைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கிட்டே மலைப் பக்கம் ஒடிச்சேன். முன் சக்கரம் வடிகால் பள்ளத்துல இறங்கி, பம்பர் பாறையில உரசி, நின்னுடுச்சு. தங்கச்சி நெத்தி முன்சீட்ல இடிச்சு வீங்கினது ஒண்ணுதான் சேதாரம். அம்மா முருகா முருகான்னு சொன்னது ரொம்ப நேரம் நிக்கலை. அப்பா ஒண்ணுமே பேசலை. அவர் திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் தெம்பா இருந்திருக்கும்.

இறங்கிப் பார்த்தா முன் சக்கரம் ரெண்டுலயும் புகை. தண்ணி பாட்டிலை எடுத்து ஊத்தப் போனேன். பின்னாடி மூட்டை ஏத்திக்கிட்டு வந்த பிக்கப் வண்டி ஒண்ணு நின்னுச்சு. டிரைவர் இறங்கி ஓடி வந்தார்.

"தம்பி, ஊத்தாதீங்க! இந்தச் சூட்டுல தண்ணி பட்டா டிஸ்க் கோணிக்கும். நியூட்ரல்லயா வந்தீங்க?"

"ஆமாண்ணே."

"என்ன பண்றீங்க?"

"இன்ஜினியர்ண்ணே."

அதுவரைக்கும் வாயே திறக்காத அப்பா அப்பதான் பேசினார். "மெக்கானிக்கல்."

அந்த அண்ணன் சிரிக்கலை. அதுக்காகவே அவருக்கு ஒரு கோயில் கட்டலாம். "ஏர்றப்ப எந்த கியர்ல ஏறினீங்களோ, இறங்கறப்பவும் அதே கியர்ல இறங்குங்க தம்பி. அம்புட்டுத்தான்." முக்கால் மணி நேரம் ஆற விட்டோம். பெடல் திரும்ப கெட்டியாச்சு. அவர் முன்னாடி மெதுவா போக, நான் ரெண்டாவது கியர்ல பின்னாடியே அடிவாரம் வரைக்கும் வந்து சேர்ந்தேன்.

கொசுவத்தியை அணைச்சாச்சு. இப்போ நடந்தது என்னன்னு பார்ப்போம். இது ஒண்ணும் ராக்கெட் சயின்ஸ் இல்லை, பதினொண்ணாம் வகுப்பு பிசிக்ஸ்தான்.

ஏற்காடு கடல் மட்டத்துல இருந்து 1,515 மீட்டர் உயரம். சேலம் 280 மீட்டர் பக்கம். இறங்குற உயரம் சுமார் 1,200 மீட்டர். எங்களையும் புளிசாதத்தையும் சேர்த்து வண்டி 1,300 கிலோன்னு வச்சுக்கோங்க. நிறை, புவியீர்ப்பு, உயரம் மூணையும் பெருக்கினா ஏறக்குறைய 15 மெகா ஜூல். கரண்ட் பில் கணக்குல சொன்னா நாலு யூனிட்டுக்கு மேல. இன்னும் புரியற மாதிரி சொன்னா, கல்யாண வீட்டு அண்டாவுல 50 லிட்டர் பச்சைத் தண்ணியை ஊத்தி கொதிக்க வைக்கத் தேவையான சூடு.

மலை உச்சியில நிக்கிற கார்ல இந்த சக்தி சத்தமில்லாம உட்கார்ந்திருக்கு. கீழே வந்து சேர்றதுக்குள்ள அது எங்கேயாவது போய்த்தான் ஆகணும். காத்தும் டயர் உராய்வும் ஒரு பங்கை வாங்கிக்கும். மீதி? நியூட்ரல்ல வந்தா அதுக்கு ஒரே வழிதான், பிரேக்கு. பிரேக்குங்கறது வேகத்தை சூடா மாத்துற கருவி. வேற மந்திரம் எதுவும் அதுல கிடையாது. அண்டாத் தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூட்டை நாலு சக்கரத்துல இருக்கிற சில கிலோ இரும்பு மேல ஏத்தினா அது புகையாம என்ன பண்ணும்?

புகைஞ்சது கூட பரவாயில்லை. பெடல் ஏன் தரைக்குப் போச்சு? நாம பெடலை மிதிக்கிற விசை சக்கரத்துக்குப் போறது ஒரு திரவம் வழியா. பிரேக் ஆயில்னு சொல்றோமே, அது. திரவத்தை அமுக்கிச் சின்னதாக்க முடியாது, அதனால கால் அழுத்தினது அப்படியே சக்கரத்துக்குப் போய்ச் சேருது. ஆனா சூடு ஏறி அந்தத் திரவம் கொதிச்சு உள்ள ஆவிக் குமிழி வந்துட்டா கதை மாறிடும். ஆவியை அமுக்கலாம். நாம மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியை நசுக்கறதுலயே செலவாகிடும், சக்கரத்துக்கு ஒண்ணும் போகாது. ஆறினதும் குமிழி திரும்ப திரவமாகிடும், பெடலும் திரும்ப வந்துடும். முக்கால் மணி நேரத்துல எனக்கு நடந்தது அதுதான்.

சரி, ஏன் அவ்வளவு சீக்கிரம் கொதிச்சுது? இந்த பிரேக் ஆயிலுக்கு ஒரு கெட்ட பழக்கம், காத்துல இருக்கிற ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கும். டாட் 3 வகை ஆயில் புதுசா இருக்கறப்ப குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாதுங்கறது விதி. அதுல 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா அந்த அளவு 140 டிகிரி ஆயிடுது. டாட் 4-க்கு 230, தண்ணி சேர்ந்தா 155. அதனாலதான் ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை மாத்தச் சொல்றாங்க. மறுநாள் ஊர்ல ஒரு பட்டறையில காட்டினேன். மெக்கானிக் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துட்டு, "இதை பொறந்ததுல இருந்து மாத்தலை போல தம்பி"ன்னார். ஃபில்டர் காபி டிகாக்ஷன் கலர்ல இருந்துச்சு. சர்வீஸ்ல "டாப் அப்" பண்ணினாங்களே, அந்த டிகாக்ஷன் மேலயே கொஞ்சம் புதுசை ஊத்தியிருக்காங்க. பில்லுல எழுதியிருந்தது என்னவோ உண்மைதான்.

ரெண்டாவது கியர்ல இறங்கினா மட்டும் என்ன ஆகும்? வழக்கமா என்ஜின் சக்கரத்தைச் சுத்தும். இறக்கத்துல ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டா, சக்கரம் என்ஜினைச் சுத்தும். பெட்ரோல் என்ஜின்ல காத்து போற வழி அப்போ மூடியிருக்கும். மூடின வாயால காத்தை உறிஞ்சப் பாருங்க, எவ்வளவு கஷ்டம்? பிஸ்டன்கள் அந்தக் கஷ்டத்தைப் படறதுதான் நமக்கு பிரேக்கு. கியர் எவ்வளவு குறைவோ, என்ஜின் அவ்வளவு வேகமா சுத்தணும், இழுவை அவ்வளவு அதிகம். அதுல உண்டாகிற சூடும் சைலன்சர், ரேடியேட்டர்னு சூட்டை வெளியேத்தறதுக்குன்னே கட்டின இடங்கள் வழியா போயிடும். எங்க ஊர் லாரியில இதுக்கு மேல எக்ஸாஸ்ட் பிரேக்குன்னு ஒண்ணு தனியாவே இருக்கும். டீசல் என்ஜின்ல காத்து வழியை மூடுற பழக்கம் பெரும்பாலும் இல்லாததால, புகை போற வழியை அடைச்சு அதே வேலையை வாங்கறாங்க.

பெட்ரோல் மிச்சம்? இதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல் வந்த இடம். 1983-ல மாருதி 800 வந்த புதுசுல எல்லாம் கார்ப்பரேட்டர். அந்தக் காலத்துல மாமா சொன்னதுல ஏதோ கொஞ்சம் நியாயம் இருந்திருக்கலாம். இப்போ இருக்கிற எரிபொருள் இன்ஜெக்ஷன் என்ஜின்ல, கியர்ல போட்டு ஆக்ஸிலரேட்டரை விட்டுட்டு இறங்கினா கம்ப்யூட்டர் பெட்ரோலை சுத்தமா நிறுத்திடும். சக்கரம்தான் என்ஜினைச் சுத்துதே, பெட்ரோல் எதுக்கு? நியூட்ரல்ல போட்டாத்தான் என்ஜின் அணைஞ்சுடாம இருக்க அது பெட்ரோல் குடிச்சாகணும். ஆக நான் மிச்சம் பிடிக்கிறேன்னு நினைச்சு, கூடுதலா பெட்ரோல் செலவு பண்ணி எங்க குடும்பத்தையே பள்ளத்துல தள்ளப் பார்த்திருக்கேன்.

சில பேர் இன்னும் ஒரு படி மேல போய் இறக்கத்துல சாவியைத் திருப்பி என்ஜினையே அணைச்சுடுவாங்க. சாமி, அந்தத் தப்பை மட்டும் பண்ணாதீங்க. பிரேக்கை நாம லேசா மிதிச்சா போதும்னு இருக்கே, அதுக்கு உதவுற பூஸ்டர் என்ஜின் ஓடினாத்தான் வேலை செய்யும். அணைச்சா ரெண்டு மூணு மிதிக்கு உதவி மிச்சமிருக்கும், அப்புறம் கல்லை மிதிச்ச மாதிரி ஆகிடும். பவர் ஸ்டீயரிங்கும் காலி.

இப்போ மேட்டருக்கு வர்றேன்.

இதுல எதுவுமே நான் படிக்காதது இல்லைங்க! ஆட்டோ சைக்கிளோட செயல்திறனை வருவிச்சு 16 மார்க் வாங்கியிருக்கேன். ரெக்கார்டு நோட்டுல டிரம் பிரேக் படம் வரைஞ்சு பென்சில்ல ஷேடிங் பண்ணி "வெரி குட்" வாங்கியிருக்கேன். பாஸ்கல் விதியை பத்தாவதுல இருந்து மூணு தடவை மனப்பாடம் பண்ணியிருக்கேன். ஆனா அந்த விதியும் என் காலுக்கு அடியில இருக்கிற பெடலும் ஒண்ணுதான்னு யாரும் சொல்லித் தரலை, நானும் யோசிக்கலை. டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்தது கிளட்சை மெதுவா விடு, ரிவர்ஸ்ல பின்னாடி பாரு, அவ்வளவுதான். ஒரு பக்கம் பெடல் இல்லாத தியரி, இன்னொரு பக்கம் தியரி இல்லாத பெடல். நடுவுல இருந்த அந்த ஒரு வரியை எனக்குச் சொன்னது ஒரு பிக்கப் டிரைவர்.

நம்ம தொழில்லயே இதுக்கு ஒரு பேர் இருக்கு. ஜோயல் ஸ்போல்ஸ்கின்னு ஒருத்தர் 2002-ல எழுதினார், லீக்கி அப்ஸ்ட்ராக்ஷன்னு. உள்ள இருக்கிற சிக்கலை மறைச்சு மேல அழகா ஒரு மூடி போடறோம். சாதாரண நாள்ல மூடியே போதும். ஆனா எல்லா மூடியும் ஒருநாள் ஒழுகும். அன்னைக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியாதவன் மாட்டிப்பான். கார்ல ஸ்டீயரிங்கும் மூணு பெடலும்தான் அந்த மூடி. சமதரையில, நல்ல ரோட்டுல, 50 கிலோமீட்டர் வேகத்துல ஒழுகாது. மலையில ஒழுகும், மழையில ஒழுகும்.

"போன் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா பயன்படுத்தறோம்?"னு நண்பர் கேட்பார்னு தெரியும். போன் தொங்கினா ரீஸ்டார்ட் பண்ணிக்கலாம். 1,300 கிலோ இரும்பை வளைவுல ரீஸ்டார்ட் பண்ண முடியாது. அதுவும் அது நம்மளை மட்டும் இடிக்காது, எதிர்ல டூ வீலர்ல குழந்தையோட வர்றவனையும் சேர்த்து இடிக்கும்.

"மெக்கானிக் இருக்கானே?" இருக்கார். பட்டறையில இருக்கார். வளைவுல நாம மட்டும்தான் இருக்கோம். கார் ரிப்பேர் பண்ணக் கத்துக்கோங்கன்னு நான் சொல்லவே இல்லை. எனக்கே இன்னும் ஸ்டெப்னி மாத்தினா இடுப்புப் பிடிச்சுக்குது. நான் சொல்றது, எது எதோட சேர்ந்து வேலை செய்யுது, எப்போ நிறுத்தணும், எப்போ ஓட்டலாம், இவ்வளவுதான். ரெண்டு ஞாயித்துக்கிழமை போதும்.

"இப்ப வர்ற கார்ல எல்லாமே கம்ப்யூட்டர்யா." இது கொஞ்சம் பலமான வாதம்தான். ஆனா கம்ப்யூட்டர் வந்ததால தெரிஞ்சுக்க வேண்டியது மாறியிருக்கு, குறையலை. 2019 ஏப்ரல்ல இருந்து இந்தியாவுல புதுசா விக்கிற கார் எல்லாத்துலயும் ஏபிஎஸ் கட்டாயம். சக்கரம் பூட்டிக்காம இருக்க அது பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும், அப்போ பெடல் காலுக்கு அடியில தடதடன்னு அதிரும். தெரியாதவங்க என்னமோ உடைஞ்சு போச்சுன்னு பயந்து காலை எடுத்துடறாங்க. எடுக்கக் கூடாது, அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பணும். 2014-க்கு அப்புறம் கிளட்ச் இல்லாத ஏஎம்டி கார்கள் பரவலா வந்தாச்சு. அதுலயும் மலை இறங்க மேனுவல்னு ஒரு இடம் இருக்கு, நிறைய பேர் அதைத் தொட்டதே இல்லை. மின்சாரக் கார் இன்னும் சுவாரசியம். இறக்கத்துல மோட்டாரே ஜெனரேட்டரா மாறி பேட்டரியை ஏத்தும், அந்த இழுவைதான் பிரேக்கு. ஆனா மலை மேல ரூம்ல ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு 100 சதவீதத்தோட இறங்க ஆரம்பிச்சா? நிரம்பின குடத்துல எங்க ஊத்தறது? அந்த இழுவை குறைஞ்சு போய், திரும்பவும் பழைய பிரேக்கு, பழைய சூடு. இறங்கப் போறவங்க மேல கொஞ்சம் காலியா விட்டு வைக்கணும்னு தெரிஞ்சிருந்தா போதும்.

சரி, ரெண்டு ஞாயித்துக்கிழமைக்கு என்னோட சிலபஸ் இதோ. நுனிப்புல்தான்.

1. டேஷ்போர்டு விளக்கு. நம்ம பாஷையில சிவப்பு ஃபேட்டல், மஞ்சள் வார்னிங். மஞ்சள் வந்தா சீக்கிரம் பட்டறைக்குப் போங்க. என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு கண் சிமிட்டினா மட்டும் மெதுவா ஓரம் கட்டுங்க. எண்ணெய்க் கிண்ணம் மாதிரி சிவப்பு விளக்கு எரிஞ்சா வீடு பக்கத்துலதானேன்னு ஓட்டாதீங்க. என்ஜின் உள்ள இரும்பும் இரும்பும் தொடாம இருக்கறது அந்த எண்ணெய் அழுத்தத்துலதான். அது இல்லைன்னா சில நிமிஷத்துல என்ஜின் கோவிந்தா.

2. சூடு காட்டுற முள். ஏறிட்டா ஏசியை அணைச்சு, ஓரம் கட்டி, என்ஜினையும் அணைச்சுட்டு காத்திருங்க. ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க. அது பிரஷர் குக்கர் மாதிரி. 100 டிகிரிக்கு மேலயும் கொதிக்காம அடங்கி இருக்கிற தண்ணி, மூடி திறந்ததும் முகத்துல பொங்கும். வெயிட்டைத் தூக்காம குக்கரைத் திறக்கக் கூடாதுன்னு தெரிஞ்ச எந்த அம்மாவுக்கும் இது புரியும்.

3. டயர். வண்டிக்கும் பூமிக்கும் இருக்கிற சொந்தம் நாலு உள்ளங்கை அளவு ரப்பர்தான். பங்க்ல "எவ்வளவு சார்?"னு கேட்டா குத்துமதிப்பா 35-ன்னு சொல்லாதீங்க. டிரைவர் கதவைத் திறந்தா பக்கத்துல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதுல இருக்கு. டயர் பள்ளத்துக்குள்ள சின்னச் சின்ன மேடு இருக்கும், ரப்பர் அந்த மேடு வரைக்கும் தேய்ஞ்சாச்சுன்னா மாத்துங்க. அது 1.6 மில்லிமீட்டர்.

4. வேகம். 40-ல இருந்து 80 ஆனா வேகம்தான் ரெண்டு மடங்கு. பிரேக்கு தின்ன வேண்டிய சக்தி நாலு மடங்கு.

5. இறக்கம். ஏறின கியர்லயே இறங்குங்க. பிரேக்கை உரசிக்கிட்டே வராதீங்க. நல்லா அழுத்தி வேகத்தைக் குறைச்சுட்டு முழுசா விட்டுடுங்க, அது ஆறட்டும். பெடல் உள்ள போக ஆரம்பிச்சா திரும்பத் திரும்ப வேகமா மிதிங்க, கியரைக் குறைங்க, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழுங்க. சின்ன கார்கள்ல அது பெரும்பாலும் தனி கம்பி வழியா பின் சக்கரத்துக்குப் போகுது, ஆயில் கொதிச்சாலும் அதுக்குக் கவலை இல்லை. கருகல் வாசனை வந்தா முன்னாடி லாரி போகுதான்னு ஒருதடவை பார்த்துடுங்க :-)

இதுல ஒரு துணைப் பலனும் உண்டு. பில்லுல என்ன எழுதியிருக்குன்னு படிக்கத் தெரியும். "பிரேக் ஆயில் டாப் அப் வேண்டாம், மொத்தமா மாத்துங்க, எந்த டாட்?"னு கேட்டுப் பாருங்க. கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

நண்பரோட கேள்விக்கு என் கடைசி பதில் எங்க அம்மா. அம்மாவுக்கு சைக்கிள் கூட ஓட்டத் தெரியாது. அன்னைக்கு அந்த பிக்கப் அண்ணன் என்கிட்ட சொன்னதைப் பக்கத்துல நின்னு கேட்டாங்க. வீட்டுக்கு வந்ததும், "அதென்னடா கியர்ல இறங்கறது?"ன்னு கேட்டாங்க. மாவு ஆட்டுற கிரைண்டரை கரண்ட் இல்லாம கையால சுத்திப் பாருங்க, எவ்வளவு பலம் வேணும், அந்த பாரத்தை வண்டி இழுத்துட்டு வர்ற மாதிரின்னு சொன்னேன். "ஓ"ன்னாங்க. அவ்வளவுதான், புரிஞ்சு போச்சு. நாலு வருஷம், எட்டு செமஸ்டர், கல்விக் கடன் எதுவும் தேவைப்படலை.

போன பொங்கலுக்கு மாமா புது கார் வாங்கி எல்லாரையும் கொல்லிமலைக்குக் கூட்டிட்டுப் போனார். 70 கொண்டை ஊசி வளைவு. இறங்க ஆரம்பிச்சதும் பின்சீட்ல இருந்து அம்மா குரல்.

"தம்பி, ரெண்டாவதுலதானே இருக்க?"

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியா வேடிக்கை பார்த்துட்டு இருந்தேன் :-)

பி.கு.: உங்க வண்டியில பிரேக் ஆயிலை கடைசியா எப்போ மாத்தினீங்க? ஞாபகம் இல்லைன்னா, நாளைக்கு ஆபீஸ் போறதுக்கு முன்னாடி பானெட்டைத் திறந்து கலரைப் பாருங்க. டிகாக்ஷன் மாதிரி இருந்தா காபி போட வேண்டாம், பட்டறைக்குப் போங்க.